ஒரு நாளைக்கு இரண்டு தவறுகள்

அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. பெயர், படம், காலாவதித் தேதி எல்லாம் சரியாக இருந்தன. நுழைவு அனுமதிச் சீட்டுதான் இல்லை. அவளுக்கு முன்னால் வந்துபோனவர் அவளுடைய கணவர். அவருடைய காகிதங்கள் ஒழுங்காக இருந்ததால் பச்சை முத்திரை குத்தி அனுப்பியிருந்தேன். நகர்வதற்கு முன், அடுத்து வருவது என் மனைவி, அவளிடம் கொஞ்சம் பரிவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வந்து நின்றாள். சீட்டு எங்கே என்று கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்றாள்.

சிவப்பு முத்திரையைக் குத்தினேன்.

இது நடந்தது ஒரு வீடியோ கேமில். அவள் கணினித் திரையில் நூற்றுச் சொச்சம் புள்ளிகளால் ஆன உருவம். அப்படிச் சொல்லிச் சமாதானம் அடைந்துவிடலாம்தான். ஆனால் நான் அவளைத் திருப்பி அனுப்பிய காரணம் இன்றைக்கும் உறுத்துகிறது. சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய பற்று எதுவும் கிடையாது. அவள் பொய் சொல்கிறாள் என்றும் நினைக்கவில்லை. அன்று காலையிலேயே இரண்டு தவறுகள் செய்திருந்தேன், அவ்வளவுதான். ஒருவரின் பாஸ்போர்ட்டில் வழங்கிய நகரத்தின் பெயர் பிழையாக இருந்ததைக் கவனிக்கவில்லை. இன்னொருவரின் தேதி கடந்திருந்தது. அந்த விளையாட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தவறுகள் வரை வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். மூன்றாவதிலிருந்து அபராதம், ஐந்து கிரெடிட். ஒருவரைச் சோதித்து அனுப்பினால் எனக்குக் கிடைக்கும் கூலியும் அதே ஐந்து கிரெடிட்தான். வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. என் கணக்கில் இருந்த கருணை முழுவதும் காலையிலேயே கவனக்குறைவில் செலவாகிவிட்டது.

விளையாட்டின் பெயர் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. லூகஸ் போப் என்பவர் தனி ஆளாக உருவாக்கி 2013இல் வெளியிட்டார். அமெரிக்கரான அவர் அப்போது ஜப்பானில் வசித்துக்கொண்டிருந்தார். பயணங்களில் குடிவரவு கவுண்டர்களைப் பார்த்துப் பார்த்து உதித்த யோசனை இது. கதை நடப்பது 1982இல், ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில். வேலைக் குலுக்கலில் உங்கள் பெயர் வருகிறது. கிரெஸ்டின் என்ற எல்லை நகரத்தின் சோதனைச் சாவடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காகிதங்களைப் பார்த்து, விடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான். சுடுவது இல்லை, ஓடுவது இல்லை, தாவுவது இல்லை. அலுவலகத்தில் கோப்பு பார்ப்பதை விளையாட்டு என்று யாராவது விற்பார்களா என்று தொடங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் விதி எளிமையானது. சொந்த நாட்டவரை மட்டும் உள்ளே விடு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பு. மறுநாள் வெளிநாட்டவருக்கும் கதவு திறக்கிறது. எல்லையில் ஒரு தாக்குதல் நடக்கிறது. அதற்கடுத்த நாளிலிருந்து வெளிநாட்டவர் நுழைவுச் சீட்டு காட்ட வேண்டும். பிறகு அந்தச் சீட்டு போய் அனுமதிப் பத்திரம் வருகிறது. வேலைக்கு வருபவருக்குத் தனிச் சீட்டு, உள்நாட்டவருக்கு அடையாள அட்டை, தஞ்சம் கேட்பவருக்கு வேறொரு தாள், பிறகு தடுப்பூசிச் சான்று. விதிப் புத்தகம் தடித்துக்கொண்டே போகிறது, மேசை மட்டும் வளர்வதில்லை. ஒரு தாளை விரித்தால் இன்னொன்று மறைந்துவிடும். பாஸ்போர்ட்டை இடதுபக்கம் ஒதுக்கி, விதிப் புத்தகத்தை அதன்மேல் போட்டு, அனுமதிச் சீட்டை ஓரமாகச் சாய்த்து வைத்து எண்களை ஒப்பிடும்போது வெளியே வரிசை நீண்டுகொண்டிருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் கணக்குப் பார்த்தால் உணவுக்கு 20, கணப்புக்கு 10, வாடகை தனி. எதை விடுவது என்று வீட்டிலும் ஒரு சோதனைச் சாவடி நடத்த வேண்டியிருக்கும்.

நான் விளையாடும்போது பன்னிரண்டு வயதான அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். பத்து நிமிடத்தில் என்னைவிடத் தேர்ந்த அதிகாரி ஆகிவிட்டான். “மாமா, எடையைப் பாருங்கள். சீட்டில் ஒன்று இருக்கிறது, தராசு வேறொன்று காட்டுகிறது” என்றான். அவனுடைய விரல் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடை கூடுதலாக இருந்தால் உடம்பில் எதையோ மறைத்து வைத்திருக்கலாம் என்பது விதி. “பிடித்துவிட்டோம்!” என்று கைதட்டினான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்தது. ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடிக்கும் புதிரில் வரும் அதே குதூகலம். எதிரே நிற்பது ஒரு மனிதர் என்பது அந்தக் கணத்தில் இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை. பிழை கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

நல்ல வேளையாக ஜோர்ஜி வந்தார். இந்த விளையாட்டை ஆடிய எவரும் அவரை மறக்க மாட்டார்கள். முதல்முறை பாஸ்போர்ட்டே இல்லாமல் வருவார். அடுத்த முறை கையாலேயே கிறுக்கி வரைந்த ஒன்றை நீட்டுவார். அதில் எழுதியிருக்கும் கோப்ராஸ்தான் என்ற நாடு அந்த விளையாட்டின் வரைபடத்திலேயே கிடையாது. திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே போய், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வருவார். “இவரை மட்டும் விட்டுவிடலாம் மாமா, பாவம்” என்றான் அக்கா மகன். அவருக்கு முன்னால் இருபது பேரை யோசிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தோம். அவர்கள் நம்மைச் சிரிக்க வைக்கவில்லை, அதனால் பாவமாகத் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு நாட்டுக்கு விசா கேட்டு விண்ணப்பித்தேன். எந்த நாடு என்பது இங்கே தேவையில்லை. வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை பார்க்கும் இடத்திலிருந்து கடிதம், அழைப்புக் கடிதம், பத்து விரல் ரேகை எல்லாம் கொடுத்தேன். மூன்று வாரத்தில் உறை வந்தது. உள்ளே ஒரு தாள். பயணம் முடிந்து நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்புவதற்குப் போதிய காரணங்கள் இல்லை என்ற வரிக்கு எதிரே இருந்த சிறு கட்டத்தில் ஒரு குறி. நான் திரும்பி வருவேன் என்பது எனக்குத் தெரியும், என் அம்மாவுக்குத் தெரியும். அதை எந்தக் காகிதத்தில் காட்டுவது என்று மட்டும் தெரியவில்லை. அந்தக் குறியைப் போட்ட கை யாருடையது என்று அப்போது நெடுநேரம் யோசித்திருக்கிறேன். கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்டியிருந்தேன். கிரெஸ்டின் சாவடியில் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு வேறு மாதிரி தோன்றியது. அன்று காலை அவருக்கும் இரண்டு தவறுகள் முடிந்திருக்கலாம்.

இதை அவருக்கான வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்னும் ஆற்றாமை இருக்கிறது. ஆனால் எல்லை என்பது எப்படி வேலை செய்கிறது என்று கட்டுரைகளில் படித்ததைவிட அந்தக் குட்டி மேசையில் கூடுதலாகப் புரிந்துகொண்டேன். நாவலில் அதிகாரி கொடுமைக்காரர் என்று எழுதியிருந்தால் படித்துவிட்டு அவரை வெறுக்கலாம். திரைப்படத்தில் முகத்தைப் பார்த்து வெறுக்கலாம். இங்கே வெறுக்க ஆளே இல்லை, நாற்காலியில் நான்தான் இருக்கிறேன். கொடுமை முழுவதும் கூலிக்கும் நேரத்துக்கும் மேசையின் அளவுக்கும் இடையில் விதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. விதிகளை வைத்துப் பேசுவது விளையாட்டுக்கே உரிய வேலை. எல்லையும் கடைசியில் விதிதானே. ஆற்றிலோ மலையிலோ அது எழுதப்பட்டிருக்கவில்லை.

பெரும்பாலான விளையாட்டுகள் எல்லையை இப்படிப் பார்ப்பதில்லை. ‘சிவிலைசேஷன்’ வரிசையில் எல்லை என்றால் வரைபடத்தில் ஒரு வண்ணக் கோடு. பக்கத்து மன்னரோடு எல்லைத் திறப்பு ஒப்பந்தம் போட்டால் என் படை உள்ளே போகும், போடாவிட்டால் வாசலில் நிற்கும். அங்கே நான் ஒரு நாடு. நாடுகளுக்குக் கால் வலிக்காது, பிள்ளைக்குக் காய்ச்சல் வராது. திறந்தவெளியைக் காட்டி ஆசைகாட்டும் பெரிய விளையாட்டுகளில் உலகத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று இருக்கும். நாயகன் நடந்துகொண்டே இருப்பான், ஓரடி கூட நகர மாட்டான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விசா உறை நினைவுக்கு வரும். அது அந்த விளையாட்டைச் செய்தவர்களின் நோக்கம் இல்லை என்று தெரியும்.

புலம்பெயர்தலைப் பற்றியே எடுக்கப்பட்ட விளையாட்டுகளும் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ‘அகதியாக இருப்பது எப்படி என்று நீங்களே உணருங்கள்’ என்று அழைப்பவை அவை. 2006இல் வந்த ‘டார்ஃபர் இஸ் டையிங்’ நல்ல எண்ணத்தில் மாணவர்கள் செய்தது. சூடானின் டார்ஃபர் பகுதியில் நடந்துகொண்டிருந்த படுகொலைகளை லட்சக்கணக்கானோர் கவனத்துக்குக் கொண்டுபோன விளையாட்டு என்பதை மறுக்க முடியாது. அதில் முகாமிலிருந்து தண்ணீர் எடுத்துவரக் குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ஆயுதக் குழுவின் வண்டி வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும். பிடிபட்டால்? அடுத்த பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் பிள்ளையை இழந்தபோது எனக்கு நெஞ்சடைத்தது. மூன்றாவது பிள்ளை போனபோது, எந்தப் புதரில் ஒளிந்தால் வண்டி கண்டுபிடிக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அனுதாபம் தேர்ச்சியாக மாறிவிட்டது. மறுபடியும் தொடங்கலாம் என்ற வசதி இருக்கும்வரை அகதி வேடம் எனக்குப் பொருந்தாது என்று அன்றைக்குத் தோன்றியது.

என்னை அகதியாக்க முயலாமல், நான் நிஜத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே வைத்துக் காட்டும் விளையாட்டுகளைத்தான் நம்புகிறேன். சாவடியில் உட்கார்ந்தவராக, அல்லது வீட்டில் இருந்துகொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவராக.

இரண்டாவது வகைக்கு ‘பரி மீ, மை லவ்’. 2017இல் பிரான்சில் உருவானது. லெ மோந்த் நாளிதழ் 2015இல் ஒரு சிரியப் பெண்ணின் பயணத்தை அவளுடைய வாட்ஸ்அப் உரையாடல்கள் வழியாகவே சொல்லியிருந்தது. அந்தச் செய்தியிலிருந்து கிளைத்த கற்பனை இது. ‘என்னைப் புதைப்பது நீயாக இரு’ என்பது போன்ற பொருளில் சிரியாவில் அன்புக்குரியவரிடம் சொல்லும் வாசகம்தான் தலைப்பு. எனக்கு முன்னால் நீ போய்விடாதே என்று அர்த்தம். ஹோம்ஸ் நகரத்திலிருந்து நூர் கிளம்புகிறாள். கணவன் மஜ்த், குடும்பத்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் ஊரிலேயே தங்கிவிடுகிறான். நாம் மஜ்த். நம்மால் முடிந்ததெல்லாம் கைபேசியில் பதில் அனுப்புவது. எல்லையைக் கடப்பவள் அவள், கடலில் இறங்குபவள் அவள். நாம் யோசனை சொல்லலாம், அவள் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

இதில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள், அது என்னை ஆட்டிவைத்துவிட்டது. நூர் படகில் ஏறுகிறாள், அங்கே சிக்னல் இருக்காது. உடனே அடுத்த காட்சி வருவதில்லை. விளையாட்டு மௌனமாகிவிடுகிறது. உண்மையான மணிநேரங்கள் கழிகின்றன. நான் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். என் உண்மையான கைபேசியில், வீட்டிலிருந்து வரும் செய்திகளுக்கு நடுவே, நூரின் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மாலை கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் வங்கியிலிருந்து விளம்பரம். அந்த வங்கியின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு எந்த நியாயமும் இல்லை. இரவு பதினொன்றுக்கு நூர் எழுதினாள். கரையேறிவிட்டேன் என்று ஒரே சொல். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன்.

காத்திருப்பதை விளையாட்டாக்கியவர்கள் மிகக் குறைவு. வேகம்தானே இந்தக் கலையின் சரக்கு? ஒரு விநாடி சுணங்கினால் ஆடுபவர் வேறெதற்கோ தாவிவிடுவார் என்று தொழிலில் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் இடம்பெயர்தல் என்பது முக்கால்வாசி காத்திருப்புதான். வரிசையில், முகாமில், தரகர் சொன்ன தெருமுனையில், மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு. ஓடுவது கொஞ்ச நேரம். திரைப்படங்கள் அந்த ஓட்டத்தைத்தான் எடுக்கின்றன. இந்த விளையாட்டுக்கு 19 முடிவுகள் உண்டு. எனக்கு வாய்த்தது நல்ல முடிவில்லை. வேறு முடிவு கிடைக்குமா என்று மறுபடி தொடங்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் அப்படித் தோன்றும் என்று சொல்லவில்லை; நண்பர் ஒருவர் எட்டு முறை ஆடியிருக்கிறார்.

இதுவரை சொன்னது வெளியில் இருப்பவர்கள் செய்த விளையாட்டுகள். அந்தப் பாதையில் நடந்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ செய்தவையும் உண்டு. அவற்றுக்கு முன்னால் நான் மேலே சொன்ன கோட்பாடு கொஞ்சம் தடுமாறுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்துல்லா கரம் 2014இல் சிரியாவிலிருந்து தப்பி ஆஸ்திரியா போய்ச் சேர்ந்த ஓவியக் கலைஞர். தன் கதையையே ‘பாத் அவுட்’ என்ற விளையாட்டாக, அங்குள்ள ஒரு குழுவோடு சேர்ந்து 2017இல் வெளியிட்டார். பழைய ஜப்பானிய சாகச விளையாட்டுகளின் பாணியில், கொழுகொழுவென்ற சின்ன உருவங்கள். நாம் ஆட்டுவிப்பது கரமை. கண்ணிவெடியில் கால் வைத்துவிட்டால் திரையின் மூலையில் ஒரு வீடியோ துள்ளிக்கொண்டு வருகிறது. அதில் இருப்பவர் நிஜக் கரம், உயிரோடு, கேலியாக. என்னைக் கொன்றுவிட்டாயே என்கிறார். மறுபடி தொடங்கும் வசதி இங்கே அசிங்கமாகவே இல்லை. பிழைத்து வந்தவர் எதிரே உட்கார்ந்துகொண்டு நம் அசட்டுத்தனத்தைக் கிண்டல் செய்யும்போது, நாம் அவராகிவிட்டோம் என்ற மயக்கத்துக்கே இடமில்லை. அவர் அவர்தான், நாம் அவருடைய கதையைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் விருந்தாளி.

கொன்சாலோ அல்வாரெஸ் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார். அவருடைய பெற்றோர் மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள். அவர் செய்த ‘பார்டர்ஸ்’, நாணயம் போட்டு ஆடும் பழைய பெட்டி விளையாட்டுகளின் தோற்றத்தில் இருக்கும். பாலைவனத்தில் எல்லைக் காவலர் கண்ணில் படாமல், தண்ணீர் தேடிக்கொண்டு கடக்க வேண்டும். செத்தால் மறுபடி தொடங்கலாம், தடையில்லை. ஆனால் செத்த இடத்தில் ஓர் எலும்புக்கூடு தங்கிவிடும், அடுத்தவர் ஆட வரும்போதும் அங்கேயே கிடக்கும். கண்காட்சியில் வைத்தால், காலையில் ஆடியவருக்குக் கிடைப்பது வெறும் மணல். மாலையில் ஆடுபவர் எலும்புகளுக்கு நடுவே வழி பார்த்துப் போக வேண்டும். எனக்கு முன்னால் ஆடிவிட்டுப் போனவர்கள் யாரென்று தெரியாது, அவர்கள் எந்த இடத்தில் தவறினார்கள் என்பது மட்டும் தெரியும். கலைக்கூடங்களில் எத்தனையோ நினைவுச் சின்னங்களைப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர்கள் தோற்கத் தோற்கத் தானாக வளரும் சின்னம் வேறெதையும் பார்த்ததில்லை.

லுவால் மாயேன் கதை இன்னும் நெடியது. தெற்கு சூடான் போரிலிருந்து தப்பிய குடும்பம். வளர்ந்தது உகாண்டாவில் ஓர் அகதி முகாமில். அகதிகள் பதிவு நடந்த இடத்தில் 2007இல்தான் முதல்முதலாகக் கணினியைப் பார்த்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். தையல் வேலை செய்த அம்மா மூன்று வருடம் சேர்த்து 300 டாலருக்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். முகாமில் மின்சாரம் இல்லை. அதற்கு மின்னேற்ற மூன்று மணிநேரம் நடந்து போனார். அப்படிக் கற்று அவர் செய்த விளையாட்டின் பெயர் ‘சலாம்’. ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய எளிய கைபேசி விளையாட்டு. விளையாட்டாக மட்டும் எடைபோட்டால் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ பக்கத்தில் வைக்க மாட்டேன். ஆனால் அந்த மூன்று மணிநேர நடையை நினைக்காமல் அதை ஆட முடியவில்லை, எடைபோடவும் முடியவில்லை.

எடையைப் பற்றிப் பேசும்போது, முழுமையடையாமலே போன ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் வூமெரா என்ற இடத்தில் தஞ்சம் கேட்டு வந்தவர்களை அடைத்துவைக்கும் முகாம் 1999 முதல் 2003 வரை இருந்தது. பத்திரிகையாளர்கள் உள்ளே போய்ப் பார்த்து எழுத முடியாத இடம். விளையாட்டு உருவாக்குபவர்களும் கலைஞர்களும் சேர்ந்து, உள்ளே இருந்தவர்களின் வாக்குமூலங்களையும் கிடைத்த படங்களையும் வைத்து அந்த முகாமை ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் மென்பொருளில் மறுபடி கட்டினார்கள். வேலியும் கொட்டகையும் அப்படியே இருந்தன. ‘எஸ்கேப் ஃப்ரம் வூமெரா’ என்று பெயர். அரசின் கலை மன்றமே 25,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்திருந்தது 2003இல் வெளியே தெரிந்ததும், குடிவரவு அமைச்சராக இருந்த ஃபிலிப் ரடாக் கடுமையாகக் கண்டித்தார். முன்மாதிரி வடிவத்துக்கு மேல் அது வளரவில்லை. இருந்தாலும் கேமரா போக முடியாத இடத்துக்கு ஒரு விளையாட்டு போய்வந்துவிட்டது. அமைச்சருக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை.

விளையாட்டுகளுக்கும் சாவடிகள் உண்டு என்பது தனிக்கதை. ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ 2014இல் ஐபேடுக்கு வந்தபோது, உடல் சோதனைக் காட்சியில் வரும் நிர்வாண உருவங்களை எடுத்துவிடச் சொல்லியது ஆப்பிள் கடை. எல்லையில் மனிதரை எப்படி உரித்துப் பார்க்கிறார்கள் என்று சொல்வதற்காக வைத்த காட்சி ஆபாசம் என்று வகைப்படுத்தப்பட்டது. சில நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2016இல் காசாவைப் பற்றிப் பாலஸ்தீனர் ரஷீத் அபுவைதே செய்த ‘லைலா அண்ட் த ஷேடோஸ் ஆஃப் வார்’ விளையாட்டை, விளையாட்டு என்ற பிரிவில் வைக்க முடியாது, செய்திப் பிரிவுக்குக் கொண்டுபோ என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு உள்ளே விட்டார்கள். காகிதம் சரியில்லை, அடுத்த கவுண்டருக்குப் போ என்று சொல்வதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

சாவடியைத் தாண்டிய பிறகும் எல்லை முடிவதில்லை. அதைச் சொன்ன விளையாட்டுக்குத் தமிழ்ப் பெயர். கனடாவின் டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’. பெயரைப் பார்த்ததும் எனக்குப் பள்ளியில் அலகிட்டுப் பிழைவிட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. தளை தட்டக் கூடாது, கடைசி அடி மூன்று சீரில் முடிய வேண்டும் என்று அத்தனை விதிகள் உள்ள பா வேறில்லை. இங்கே வெண்பா ஒரு பெண். 1980களில் கணவரோடு கனடாவில் குடியேறியவள். அவள் அம்மாவின் கையெழுத்தில் இருக்கும் சமையல் குறிப்புப் புத்தகம் பாழாகியிருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து, எதை எப்போது சேர்ப்பது என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. விடுபட்ட சீரை நிரப்புவது போல.

மகன் கவின் வளர்கிறான், அம்மா தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பல வருடம் கழித்து அதே புத்தகத்தை அவன் விரிக்கிறான். அம்மாவுக்குத் தடையாக இருந்தது அழிந்த மை. அவனுக்குத் தடை அழியாமல் இருக்கும் எழுத்து. அந்தக் கட்டத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நான் பாஸ்போர்ட் உள்ளவன், அவன் சொந்த வீட்டு வாசலில் நிற்கிறான். சாவடி இல்லை, முத்திரை இல்லை, யாரும் யாரையும் தடுக்கவில்லை. தனிநபர்களும் சிறு குழுக்களும் செய்யும் விளையாட்டுகளுக்கான இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும் பரிசு 2014இல் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டுக்குக் கிடைத்தது. 2024இல் அதே பரிசு ‘வெண்பா’வுக்கு.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது கிரெஸ்டினுக்கு மறுபடி போனேன். அந்த விளையாட்டில் பழைய நாள் எதற்கு வேண்டுமானாலும் திரும்பிப் போய் அங்கிருந்து ஆடலாம். மறுபடி தொடங்கும் வசதியைப் பற்றி அவ்வளவு நீட்டி முழக்கிவிட்டு நானே அதைப் பயன்படுத்தினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பெண்ணை உள்ளே விட வேண்டும்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவள் வருவதற்குள் இரண்டு தவறுகளையும் செலவழிக்கக் கூடாது. எனவே அன்று காலையிலிருந்து ஒரு எழுத்துப் பிழையையும் விடவில்லை. நகரப் பெயர்களை விதிப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். காலாவதித் தேதிகளை நாள் எண்ணிப் பார்த்தேன். ஒரு கிழவி வந்தாள், சீட்டில் ஓர் எண் மாறியிருந்தது; ஏதோ சொல்ல வந்தாள், சிவப்பு. வேலைக்கு வந்த ஒருவரின் பெயர் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருந்தது, சிவப்பு. போன முறை தூக்கக் கலக்கத்தில் பிழையைப் பார்க்காமல் விட்டதால் இரண்டு பேர் உள்ளே போனார்கள். இந்த முறை அவர்களால் போக முடியவில்லை. ஆர்ஸ்டோட்ஸ்காவுக்கு என்னைப் போல ஓர் அதிகாரி அதற்கு முன் கிடைத்திருக்க மாட்டார்.

கணவர் வந்தார், காகிதங்கள் சரி, பச்சை. மனைவியைப் பற்றிச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவள் வந்தாள். அதே வார்த்தைகளைச் சொன்னாள். பச்சை முத்திரையை எடுத்துக் குத்தி பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மேசை ஓரத்திலிருந்த இயந்திரம் கரகரவென்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. விதிமீறல், நுழைவு அனுமதி இல்லை, முதல் எச்சரிக்கை, அபராதம் இல்லை.

இன்னொரு தவறு கையில் மிச்சம் இருந்தது. வெளியே வரிசை அசையாமல் நின்றது. அதில் யாருக்கு இதைக் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். தூரத்தில் எல்லோரும் ஒரே மாதிரிக் கரிய நிழல்களாகத் தெரிந்தார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.